மூன்று லட்சம் பிரேக் மிதி முடிந்த பென்ஸுக்கு எது வழி?

எங்கள் தெருக் காக்கா (எங்கள் ஊர் வழக்கில் அண்ணன்) ஒருவரிடம் 2004 மாடல் மெர்சிடஸ் இ-கிளாஸ் இருக்கிறது. துபாய் பிழைப்பை முடித்துக்கொண்டு கீழக்கரைக்கு வந்தவர், சென்னையில் மூன்றாம் கையாக வாங்கியது. போன மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடி போய்விட்டுத் திரும்பும்போது, பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்க நின்ற வேன் ஒன்றின் பின்னால் பிரேக்கை மிதித்திருக்கிறார். மீட்டரில் சிவப்பு எழுத்து. மிதிக்கட்டை பாதி தூரம் சும்மா இறங்கி, அப்புறம் கல்லாக நின்றது.

"ரெண்டு காலையும் வச்சு அமுக்கினேன் தம்பி. ஒரு முழம் மிச்சத்துல நின்னுச்சு" என்றார். மண்டபம் ஊர் வரை சின்ன கியரில் உருட்டி வந்து, ஓரங்கட்டி, ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிட்டார். இத்தனைக்கும் பிரேக்கை ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொல்லி மூன்று வாரமாக மீட்டர் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் தேய்ந்திருக்கும், பெருநாள் முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த வண்டியின் பிரேக் சாதாரண பிரேக் இல்லை. எஸ்.பி.சி. (சென்ஸோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல்) என்று பெயர். மெர்சிடஸும் பாஷ் (Bosch) நிறுவனமும் சேர்ந்து செய்தது, 2001-இல் எஸ்.எல். காரில் வந்து, 2002-இல் இ-கிளாஸுக்கு இறங்கியது. நாம் மிதிப்பது நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிதிக்கட்டையில் உள்ள சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு மின்சாரப் பம்ப் ஏற்கெனவே சுமார் 140 முதல் 160 பார் வரை அழுத்தி வைத்திருக்கும் ஆயிலை, கம்ப்யூட்டர் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளந்து விடும். அந்த ஏற்பாடு படுத்துவிட்டால் நம் காலின் பலம் மட்டும்தான், அதுவும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும். பாலத்தில் காக்கா மிதித்தது அதைத்தான்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பம்ப் யூனிட்டுக்குள் ஒரு கவுன்ட்டர் உண்டு. ஒவ்வொரு மிதியையும் எண்ணும். சுமார் 3 லட்சம் ஆனதும் 'ஆயுள் முடிந்தது' என்று சி249எஃப் என்ற கோளாறுக் குறியீட்டைப் போட்டுவிடும். கிலோமீட்டருக்கு இரண்டு மிதி என்றால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரும். சென்னை நெரிசலில் நான்கு மிதி என்றால் 75,000-லேயே கதை முடிந்தது. சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆடு குறுக்கே வராதவரை, காலைத் தூக்கவே வேண்டியதில்லை. ஆகவே பழைய வண்டி வாங்கும்போது ஓடோமீட்டரைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. ஓடோமீட்டரைத் திருப்பியவர் இதைத் திருப்ப மறந்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்படும்.

காக்காவுக்கு நாலு பேர் நாலு வழி சொன்னார்கள்.

முதல் வழி, கவுன்ட்டரை அழிப்பது. இருப்பதிலேயே மலிவு இதுதான், வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். சிவப்பு எழுத்து போய்விடும். ஆனால் பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தது தேய்ந்ததுதான். அழுத்தத்தைச் சேமிக்கும் குண்டில் உள்ள நைட்ரஜன் குறைந்தது குறைந்ததுதான். நாள்காட்டியைக் கிழிக்காமல் விட்டால் வயசு நின்றுவிடுமா? பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது என்று அழுத்தம் அளந்து பார்த்தவர், வேறு வழி கைக்கு வரும்வரை கொஞ்ச நாள் ஓட்ட இதைச் செய்யலாம். காக்காவின் வண்டியில் ஆயுள் குறியீட்டோடு அழுத்தம் குறைவு என்ற குறியீடும் சேர்ந்து வந்திருந்தது. அங்கேயே இந்த வழி அடைபட்டது. அதைத் தெரிந்தும் "அழிச்சுத் தர்றேன், ஓட்டுங்க" என்று ஒருவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது, உடைத்த வண்டியில் இருந்து எடுத்த பழைய பம்ப். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சபராளி (வெளிநாட்டில் பிழைப்பவர்) இருப்பதால் "ஷார்ஜாவில் கிடைக்கும், வரும்போது கொண்டாரச் சொல்லுங்க" என்பது உடனே வரும் யோசனை. ஷார்ஜாவில் பழைய பார்ட்ஸ் கடைகள் நிறைய, உண்மைதான். ஆனால் அந்தப் பம்ப் தன் கவுன்ட்டரையும் கூடவே சுமந்து வரும். துபாய்-ஷார்ஜா சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்த வண்டி எத்தனை மிதி வாங்கியிருக்கும் என்பதை அந்தச் சாலை தெரிந்தவர்களிடம் கேளுங்கள். எண்ணைப் படித்துக் காட்டாத பம்பை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொன்று, அந்தக் குண்டுக்குள் அழுத்தத்தில் வாயு அடைத்திருக்கிறது. சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்து விமானத்தில் கொண்டுவரும் சாமான் இல்லை அது.

மூன்றாவது ரீபில்ட். நான் காக்காவுக்குச் சொன்னது இது. ஆனால் இந்த ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் ஓடுகிறது. ஒருவர் மோட்டாரைப் புதுசாகப் போட்டு, குண்டை மாற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்து, கடைசியில் கவுன்ட்டரைப் பூஜ்யமாக்குவார். இன்னொருவர் யூனிட்டைத் துடைத்து, கவுன்ட்டரை மட்டும் அழித்து, அதற்கும் ரீபில்ட் என்றே பில் போடுவார். மாற்றிய பழைய மோட்டாரையும் குண்டையும் கையில் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரண்டாவது ஆள் தானாகவே ஒதுங்கிக்கொள்வார்.

புதுப் பம்ப் நாலாவது. தரத்தில் எதிர்ப்பேச்சு இல்லை. இருபது வருட வண்டியின் விலையில் பெரிய பங்கை அது ஒன்றே விழுங்கும் என்பதுதான் சங்கடம். வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பேன் என்பவருக்குச் சரி. அடுத்த வருடம் விற்கலாமா என்று யோசிப்பவருக்கு இல்லை. எஸ்.பி.சி.-யைக் கழற்றிவிட்டு காலின் பலத்தைப் பெருக்கும் வாக்யூம் பூஸ்டர் வைத்த சாதாரண பிரேக் மாட்டலாம் என்றும் ஒரு குரல் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.பி. எல்லாம் இதோடு பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

எந்த வழிக்குப் போகும் முன்பும் பேட்டரியைப் பாருங்கள். பின்னால் டிக்கியில் இருக்கும் பெரிய பேட்டரி தவிர, பானெட்டுக்குள் ஒரு சின்னத் துணை பேட்டரியும் இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினாலே எஸ்.பி.சி. புலம்பும். சபரில் இருப்பவர்கள் வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போவது இங்கே சகஜம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் உப்பு. தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் கடல், நடுவே நம் வண்டி. போய் வந்த அன்றே வீல் சென்சார் வயரையும் கனெக்டரையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பச்சை பூக்க ஆரம்பிக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை. மாற்றியபின் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பதற்கும் டயக்னாஸ்டிக் கருவி வேண்டும், பழைய அம்பாசடர் மாதிரி ஒருவர் மிதிக்க ஒருவர் நட்டு திறக்கிற வேலை இல்லை.

இன்னும் வாங்காதவருக்கு வேறு கணக்கு. எஸ்.பி.சி.-க்காக மெர்சிடஸ் 2004 மே மாதம் 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2005 மார்ச்சில் வேறு கோளாறுகளோடு சேர்த்து 13 லட்சம் வண்டிகள். 2006-இல் முகம் மாற்றி வந்த இ-கிளாஸில் எஸ்.பி.சி.-யே இல்லை, பழையபடி பூஸ்டர் வைத்த பிரேக். மழையில் வைப்பர் ஓடும்போது பேடை லேசாகத் தொட்டு டிஸ்க்கைக் காயவைக்கும் எஸ்.பி.சி.-யின் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். ஐப்பசி மழையில் அதை உணர்ந்திருக்கிறேன். ஆனாலும் ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, கருவி உள்ள ஆளைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கு ஓட வேண்டியவர் 2006-க்குப் பிந்தியதைப் பார்ப்பதே மேல்.

காக்கா ரீபில்டுக்கே போனார். பழைய மோட்டார் ஒரு பாலிதீன் பையில் அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. இப்போது கதவைத் திறந்தாலே பானெட்டுக்குள் 'ர்ர்ர்' என்று பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் கேட்கிறது. "முழிச்சிருச்சு" என்கிறாள் பேத்தி. அந்த முழிப்புதான் மெக்கானிக்குக்கு ஆபத்து: பேட் மாற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால், பம்ப் விழித்து, பிஸ்டன் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். முதலில் கருவியால் எஸ்.பி.சி.-யை முடக்கிவிட்டுத்தான் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைத் தொட வேண்டும். பானெட்டின் உள்பக்கம் காக்கா ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: 'முடக்காமல் பேடில் கை வைக்காதே.'