தலையில் மாட்டும் மைக்: ரிப்பேருக்குப் பிறகு சில வார்த்தைகள்

சென்னை ரிச்சி தெருவில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஹெட்செட் மைக் நேற்றுதான் சரியாகி வந்தது. இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரில் சொருகும் முனையில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. உட்காரும்போதும் எழும்போதும் மடங்குவது அந்த இடம்தான். பற்றவைத்து, மேலே ஒரு உறை போட்டுக் கொடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்டு, என்னைப் போலவே கல்லூரிகளில் பயிற்சி வகுப்பு எடுக்கும் நண்பர் ஒருவர், "வாங்கலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை மீட்டர் எட்டும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

தொண்டைக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1911-லேயே எழுதியிருக்கிறார். மின்விசிறிகள் கடகடக்கும் செமினார் ஹாலில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பு எடுத்தால், முன்பெல்லாம் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும். இப்போது கட்டுவதில்லை.

என் கோபம் வேறு. கைமைக் பிடித்துப் பேசும்போது தூரம் நம் வசம் இருக்கிறது. ரகசியம் போலத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் உதட்டருகே கொண்டுவந்தால் குரலில் அடித்தொனி கூடும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் மைக்குகளின் இயல்பு அது. உச்சத்துக்குப் போகும்போது சற்று விலக்கினால் காதைக் குத்தாது. தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு ஏறக்குறைய 6 டெசிபெல் இறங்கிவிடும். மேடையில் பழகியவர்கள் இந்தக் கணக்கு தெரியாமலே இதைச் செய்வார்கள். ஹெட்செட்டில் அந்த விளையாட்டுக்கே இடமில்லை. ஒரு தடவை வளைத்து வைத்தால் வாய்க்கும் அதற்கும் உள்ள இடைவெளி கடைசிவரை அதேதான். ஏற்றமும் இறக்கமும் மூச்சிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அதுவும் தமிழில் பேசுகிறவனுக்கு இது பெரிய தண்டனை. நமக்கு வினைச்சொல் கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியத்தில் காற்று தீர்வதும் அங்கேதான். கைமைக் என்றால் கொஞ்சம் நெருக்கிச் சமாளிக்கலாம். இதில் முடியாது. நான் "செய்யலாம்" என்றேனா, "செய்யக்கூடாது" என்றேனா என்று பின்வரிசை மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தி, விலா விரிய மூச்சு வாங்கிவிட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மூச்சுச் சத்தமும் ஸ்பீக்கரில் கேட்கும் என்பது தனிக் கொடுமை. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயோரத்துக்குச் சற்றுப் பின்னால், கன்னத்தையொட்டித் தள்ளி வைத்தால் அது குறைகிறது. 'பயம், பதற்றம், படபடப்பு' என்று அடுக்கும்போது வெடிக்கிற 'ப'வும் அடங்குகிறது.

அப்புறம் கைகள். மைக் பிடித்த கைக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது இரண்டு கையும் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் கை மாதிரி எங்கே இருப்பது என்று தெரியாமல் தவிக்கின்றன. பாக்கெட்டுக்குப் போகும், மூக்குக்குப் போகும், இடுப்பு டிரான்ஸ்மிட்டரைத் தடவும். வகுப்பை வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினாலும் குரல் விழுவதில்லை. ஸ்டாண்டு மைக்கில் தலையைத் திருப்பினாலே பாதி வார்த்தை போய்விடும். கடைசி பெஞ்சு வரை நடந்து போய், தூங்குகிறவன் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம். அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது. ஸ்பீக்கருக்கு எதிரே மட்டும் போகக்கூடாது, கூவென்று கத்திவிடும். கோயில் விழாக்களில் இந்தப் பயத்திலேயே மைக்செட்காரர் இதை இணைக்க விடமாட்டார். "கைமைக்கே போதும் சார்" என்று நீட்டிவிடுவார். அங்கே அவர்தான் ராஜா.

சரி, நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல கைமைக் ஒன்றே வாங்கி, தூரத்தை வைத்து விளையாடிப் பழகுங்கள். நான் இன்னொரு ஹெட்செட் ஆர்டர் போட்டிருக்கிறேன், இது மறுபடி அறுந்தால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. பழையதை இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.