மீரட் சூசஃபோன்: சில வருட உழைப்புக்குப் பிறகு

எங்கள் பேண்டு செட்டுக்கு மீரட்டின் ஜலி கோட்டிப் பகுதியிலிருந்து வரவழைத்த பித்தளை சூசஃபோனை, அதாவது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய அடித்தள ஒலிக் கருவியை, சில வருடங்களாக நான்தான் வாசிக்கிறேன். கல்யாணம், தேர்பவனி, சாவு ஊர்வலம் எல்லாம் பார்த்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஸ்வரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வுக்கு மட்டும் தனியாகக் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். பித்தளை என்றால் 13, 15 கிலோ வரும். ஆனால் உடலைச் சுற்றி வளைந்து இடது தோளில் உட்கார்வதால், நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஒரே இடத்தில் நிற்கவைத்தால்தான் தோள் கத்தும்! இத்தனைக்கும் இது தெருவுக்கென்று பிறந்ததல்ல. இதற்கு முந்தைய, இதே மாதிரி தோளில் மாட்டும் ஹெலிகான் என்ற கருவியின் ஒலி நேராகப் பாய்கிறது, குழுவின் மேலே பரவினால் நன்றாக இருக்கும் என்று அமெரிக்க பேண்டு மாஸ்டர் ஜான் ஃபிலிப் சூசா நினைத்ததால், ஜே. டபிள்யூ. பெப்பர் நிறுவனம் 1893இல் செய்து கொடுத்தது. அப்போது பெல், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற வாய், வானத்தைப் பார்த்திருந்தது. மழைபிடிப்பான் என்று கிண்டலடித்தார்கள். முன்பக்கம் திரும்பிய பெல் பிறகுதான் வந்தது.

ட்ரம்பெட்டிலிருந்து வருகிறவர்கள் இதை அழுத்தி ஊதிப் பார்ப்பார்கள். வராது. உள்ளே சுமார் 18 அடிக் குழாய் இருக்கிறது. உதட்டைத் தளர்த்தி, தொண்டையைத் திறந்து, காற்றை அள்ளிக் கொட்ட வேண்டும். ட்ரம்பெட்காரர் ஒரே மூச்சில் முடிக்கிற வரிக்கு நமக்கு இரண்டு மூச்சாவது வேண்டும். ஆனால் கீழ் பி ஃபிளாட் ஸ்வரம் சரியாக விழுந்தால், 58 ஹெர்ட்ஸ்தான், காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். ஃபைபர் சூசஃபோன் எடை குறைவு, ஆனால் அதில் இந்தக் கனம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெல்லைத் தகட்டில் வெட்டி, விளிம்புகளைப் பற்றவைத்து, தட்டி, கடைசலில் அச்சின்மேல் அழுத்தி விரிக்கிறார்கள். எங்களுடையதில் பற்றவைத்த கோடும் சுத்தியல் தடமும் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். அது குறையில்லை. தகடு மெலிசு, அதுதான் தொல்லை. பெல்லில் விழும் ஒடுக்கைப் பாத்திரக்காரரே எடுத்துவிடுவார். உள்வளைவில் விழுந்தால் குழாய்க்குள் உலோகக் குண்டு விட்டு உருட்டித் தள்ளத் தெரிந்த ஆள் வேண்டும்.

வால்வு விஷயத்தில்தான் நிஜமாகவே கடுப்பு. எங்களுடையதில் முதல் வால்வு புதிதிலேயே சிக்கியது. நைஸாகத் தேய்த்து, தினமும் எண்ணெய் விட்டபின் அடங்கியது. வாங்கும்போது, வால்வை அழுத்தாமல் அதன் சிறு குழாயை உருவிப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்றுக் கசிவு இல்லை. சத்தமே வராவிட்டால், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

சுருதியைப் பொறுத்தவரை, ஒன்றாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தினாலும், மூன்றையும் அழுத்தினாலும் ஸ்வரம் ஏறித்தான் நிற்கும். மூன்று வால்வுக் கருவிகளுக்கெல்லாம் உள்ள பிறவிக்குணம் அது. மே மாத வெயிலில் மொத்தச் சுருதியும் இன்னும் ஏறும். டியூனிங் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், பெல்லைப் பிடித்திருக்கும் திருகுகள். ஊர்வல அதிர்வில் ஏதாவது ஒன்று கழன்று விழாமல் இருக்காது. வாங்கும்போதே கூடுதலாக இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் புரிக்குப் பொருந்துவது இங்கே கடையில் கிடைப்பதில்லை.