ஓட்டுநர் இல்லா வண்டியை முதலில் எந்த வேலைக்கு அனுப்பலாம்?

சிங்கப்பூரின் பொங்கோலில் ஆளில்லாமல் ஓடும் பயணி வாகனங்களைப் பற்றி ஊரே பேசுகிறது. அதே தொழில்நுட்பம் சாலைப் பராமரிப்புக்கு வந்தால் எந்த வேலையில் தொடங்க வேண்டும் என்ற பேச்சுதான் காதில் விழவில்லை. மூன்று வண்டிகளை வைத்துப் பார்க்கலாம்: சாலையைப் பெருக்குவது, கேமராவால் பழுது கண்டுபிடிப்பது, வேலையாட்களுக்குப் பின்னால் காவலாக வரும் மோதல் தாங்கி லாரி. என் ஓட்டு கடைசி வண்டிக்கு.

இரவில் பிஐஇ விரைவுச்சாலையில் ஒரு தடத்தை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் பின்தட்டில் நிற்பவர் கோன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் வாங்கிச் சாலையில் வைத்துக்கொண்டே வருவார். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த தம்பிகள். அவர்களுக்குப் பின்னால் அம்புக்குறி விளக்கு மின்ன, நசுங்குவதற்கென்றே செய்த பெரிய பெட்டியைப் பின்புறம் மாட்டிக்கொண்டு இன்னொரு லாரி ஊர்ந்து வரும். தூக்கக் கலக்கத்தில் ஒரு கார் வந்து இடித்தால், அந்தப் பெட்டி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேக மோதலில் சோதித்துத் தேர்வான பெட்டிகள் உண்டு. நம் விரைவுச்சாலைகளின் வேக வரம்பு 70 முதல் 90 வரை என்பதால் காருக்கு அது போதும். கனரக வாகனம் வந்து மோதினால் கதையே வேறு. இவ்வளவும் தெரிந்தே, இடி வாங்குவதற்கென்று செய்த வண்டிக்குள் ஒரு மனிதரை உட்கார வைக்கிறோம். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

ஒரே இடத்தில் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடுகிற வேலையென்றால், லாரியை நிறுத்தி பிரேக் போட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிப் போய்விடலாம். அங்கே தானியங்கி லாரியால் பெரிய லாபம் இல்லை. கோன் வைப்பது, கோடு போடுவது, ஓரத்து மரக்கிளைகளை வெட்டுவது என்று நகர்ந்துகொண்டே செய்யும் வேலைகளில்தான் அவர் இறங்கவே முடியாது.

இதற்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் போக்குவரத்துத் துறை 2017இலேயே ஆளில்லா மோதல் தாங்கி லாரியைக் களத்தில் இறக்கியது. முன்வண்டியை மனிதர் ஓட்டுவார். அது போன பாதையும் வேகமும் பின்னால் வரும் லாரிக்குப் போய்ச்சேர, அதுவும் இடைவெளி விட்டு அப்படியே வரும். நெரிசலான தெருவில் தானாக முடிவெடுத்து ஓடுவதை விட இது எளிய வேலை. முன்வண்டியில் இருப்பவர் அவசரப் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும்.

நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. கேபிஇ விரைவுச்சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே ஜிபிஎஸ் கிடைக்காது, வேறு உணர்கருவிகளை நம்ப வேண்டும். அப்புறம் மழை: கேமராவும் லேசர் உணர்கருவியும் கொட்டும் மழையில் தடுமாறும். ஆனால் அப்படிப்பட்ட மழையில் கோன் வைக்க ஆளை அனுப்பவே கூடாது.

சரி, மற்ற இரண்டும்? ஆளில்லாமல் பெருக்கும் வண்டியை 2021இல் ஒன்-நார்த், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பகுதிகளில் பாதுகாப்பு ஓட்டுநரை ஏற்றிக்கொண்டு சோதித்தார்கள். ஆள் பற்றாக்குறைக்கு அது உதவும், உயிராபத்தை அவ்வளவாகக் குறைக்காது. கேமரா வண்டி எனக்கு இரண்டாம் இடம். போக்குவரத்தோடு போக்குவரத்தாக ஓடி விரிசலையும் குழியையும் படம்பிடிப்பதால், பார்வையிடுவதற்காக யாரும் சாலையில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. அடியில் மண் இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் மேற்பரப்புப் படம் சொல்லாது. அதற்கு அனுபவசாலி ஒருவர் நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

ஓட்டுநர் அண்ணன்களின் வேலை போய்விடுமே என்பார்கள். பின்வண்டியை உருப்படியாகக் கண்காணிக்க, எத்தனை மீட்டர் இடைவெளி விட வேண்டும், இடித்தால் லாரி எவ்வளவு தூரம் முன்னால் தள்ளப்படும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அது அவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி கொடுத்து முன்வண்டிக்கு மாற்றட்டும், சம்பளத்தையும் கூட்டட்டும். இதற்கு ஆகும் செலவைக் குத்தகை நிறுவனம் தானாக ஏற்காது. எல்லாரும் விலையைக் குறைத்துக் கேட்கும் போட்டியில் அதற்கு இடம் ஏது? நகரும் வேலைகளுக்கு ஆளில்லாப் பின்வண்டி கட்டாயம் என்று ஏலக்குத்தகை நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.