ஸ்பானிஷ் படிப்பு, சமூக சேவை என்று பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

1,480 டாலர். வயிறு எரிய எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரில் காலையில் ஸ்பானிஷ் படிக்கலாம், பிற்பகலில் குழந்தைகள் காப்பகத்தில் சேவை செய்யலாம் என்று ஆள் சேர்க்கும் ஓர் இணைய முகவர் நிறுவனத்திடம் கட்டிய பணம் அது. அந்த ஊரில் ஸ்பானிஷ் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், தினமும் நான்கைந்து மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியே படிப்பது, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது, இவற்றுக்குத்தான் ஆன்டிகுவா பெயர்போனது. எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

காணொளி அழைப்பில் வந்த ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அவ்வளவு கனிவாகப் பேசினார். கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "பெரும்பகுதி நேராகக் காப்பகத்துக்குப் போய்விடும். நீங்கள் படிக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு குழந்தை வயிறாரச் சாப்பிடும்" என்றார். இதைக் கேட்டு யார்தான் பேரம் பேசுவார்கள்? அன்றிரவே 1,480 டாலரையும் மொத்தமாகக் கட்டினேன்.

போய்ப் பார்த்தால், ஒரே மேசையைச் சுற்றி ஆறு பேர். நான் வாய் திறக்க முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அதே பள்ளியின் முற்றத்தில், நேரில் வந்து சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவான பணத்தில் தனி ஆசிரியரிடம் படித்துக்கொண்டிருந்தார்கள்!

சேவை என்ற பெயரில் காப்பகச் சுவருக்கு நீல வண்ணம் பூசச் சொன்னார்கள். உரிந்திருந்த இடத்தில் பார்த்தேன்: மேலே மஞ்சள், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் பழைய நீலம். எனக்கு முன்னால் வந்தவர்கள் செய்த சேவைகள். காப்பகப் பொறுப்பாளர் என் அரைகுறை ஸ்பானிஷைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கெட்சால்கூட (அந்நாட்டு நாணயம்) வந்ததில்லை, வண்ண டப்பாவும் எங்கள் செலவுதான் என்றார்.

அம்மையாருக்கு எழுதினேன். "உங்கள் வருத்தம் புரிகிறது." மறுபடி எழுதினேன். "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்." பிறகு, "சேவை மனம் உள்ளவர்கள் பணத்தைப் பெரிதாக நினைப்பதில்லை" என்று எனக்கே உபதேசம். கடைசியாக, அது நன்கொடையாகப் பதிவாகிவிட்டதாம், திருப்பித் தர விதியில்லையாம். கட்டும்போது கட்டணம், கேட்கும்போது நன்கொடை. இப்போது பதிலே இல்லை.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. இடைத்தரகரை விட்டுவிட்டுப் பள்ளிக்கே நேராக எழுதுங்கள். அந்நாட்டுச் சுற்றுலா அமைப்பான இங்குவாட்டின் அங்கீகாரம் பள்ளிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். காப்பகத்தாரிடம் தனியாக விசாரியுங்கள். வந்தவர் யார், எவர் என்று கேட்காமல் குழந்தைகளிடம் விடும் இடமென்றால் கிட்டவே போகாதீர்கள். பணத்தை வங்கி அட்டை வழியாகவே கட்டுங்கள். நான் அப்படிக் கட்டியதால்தான் வங்கியில் புகார் மனுவாவது கொடுக்க முடிந்திருக்கிறது. 1,480 டாலரையும் கேட்டிருக்கிறேன், ஒரு டாலர்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.