சோனி ஏ6000: பழைய மாடலை இப்போது வாங்கலாமா?

2014ஆம் ஆண்டில் வெளிவந்த சோனி ஏ6000 மிரர்லெஸ் கேமரா (உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடி இல்லாத வகை), இன்று பெரும்பாலும் ஒருவர் பயன்படுத்தி விற்ற நிலையில்தான் கைக்குக் கிடைக்கிறது. அதற்குப் பின் ஏ6300, ஏ6400, ஏ6700 என்று அதே வரிசையில் அடுத்தடுத்து மாடல்கள் வந்துவிட்டபோதிலும், பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் முதல் கேமராவைத் தேடும்போது இந்தப் பெயர் இன்னும் அடிபடுகிறது. பல காலமாக இதைக் கையாண்டு வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமரா எடுக்கும் படங்கள் இன்றைக்கும் சோடை போகவில்லை. பேட்டரி, திரை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஆகியவற்றில்தான் பழமை தெரிகிறது. வாங்குபவர் எடைபோட வேண்டியது மெகாபிக்சல் கணக்கை அல்ல, முந்தைய உரிமையாளர் இதை எப்படி வைத்திருந்தார் என்பதையும், இனி நாம் எப்படி வைத்திருக்கப் போகிறோம் என்பதையும்தான்.

படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரிலிருந்து தொடங்கலாம். 23.5 × 15.6 மி.மீ. அளவுள்ள, ஏபிஎஸ்-சி எனப்படும் வகை சென்சார், 24.3 மெகாபிக்சல். ஒரு படத்தின் நீள அகலம் 6000 × 4000 புள்ளிகள் என்பதால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகலாம். நம்மில் பெரும்பாலோர் அந்த அளவுக்கு அச்சிடுவதே இல்லை. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வரை எந்தத் தயக்கமும் இன்றிப் பயன்படுத்துகிறேன். 3200இல் நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோல் இரைச்சல் தெரியத் தொடங்குகிறது. 6400ஐ வேறு வழியில்லாதபோது மட்டுமே தொடுகிறேன். ஜேபெக் படங்களில் தோலின் நிறம் சற்று மஞ்சள் ஏறினாற்போல் என் கண்ணுக்குப் படுவதால், மனிதர்களை எடுக்கும்போது ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலத் தரவு) எடுத்து நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்வதே நல்லது. ரா கோப்பிலும் ஒரு குறை உண்டு: இழப்புடன் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்றுதான் இதில் கிடைக்கிறது, சுருக்காமல் சேமிக்க வழியில்லை. சாதாரணப் படங்களில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. இருண்ட வானில் நட்சத்திரத் தடங்களை எடுத்து நிழல்களைப் பெரிதாக உயர்த்துபவர்கள் மட்டும், ஒளிமிகுந்த கோடுகளின் ஓரத்தில் அதன் தழும்பைக் காணக்கூடும்.

ஃபோகஸ் விஷயத்தில் இது வந்த காலத்தில் பெரும் பேச்சாக இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்கும், ஃபோகஸை விரைந்து கணிக்கும் 179 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள், நொடிக்கு 11 படங்கள் என்ற வேகம் ஆகியவற்றை இவ்வளவு சிறிய பாடியில் அன்று எதிர்பார்க்க முடியாது. நல்ல பகல் ஒளியில் பறவையோ மிதிவண்டியோ குறுக்கே கடந்தால் இன்றும் நம்பிப் பின்தொடரலாம். ஆனால் ரா கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய இரண்டு நொடிகளில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிரம்பிவிடும். அது மெமரி கார்டுக்கு எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஷட்டரை அழுத்திப் பிடித்தபடியே இருப்பதைவிட, தருணம் பார்த்துச் சிறு சிறு தொடர்களாக எடுக்கும் பழக்கம் இதில் கைகொடுக்கும். கண்ணைத் தேடி ஃபோகஸ் செய்யும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு பொத்தானுக்கு நாமே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அசையாமல் நிற்பவருக்கு அது போதும். ஓடித் திரியும் குழந்தைகளை எடுப்பதுதான் முதன்மை நோக்கம் என்றால், 2019இல் வந்த ஏ6400க்குப் போய்விடுவதே அறிவுடைமை.

பேட்டரியும் கார்டும் சேர்த்து 344 கிராம் எடை. தோளில் தொங்குவதே தெரியாது என்பதால், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் எண்ணம் வராது. இந்த ஒன்றே பெரிய கேமராக்களை விட்டு நான் இதை நாடக் காரணம். அதே சிறுமைதான் கையாளும்போது தொல்லையும் தருகிறது. திரையில் தொடுவசதி இல்லை. ஃபோகஸ் புள்ளியை நகர்த்த முதலில் ஒரு பொத்தானை அழுத்தி, பிறகு பின்புறச் சக்கரத்தின் நான்கு திசைகளை விரலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். திரை மேல்நோக்கி 90 பாகை வரையும் கீழ்நோக்கி 45 பாகை வரையும் சாயுமே தவிர, முன்பக்கம் திரும்பாது. வியூஃபைண்டர் 14.4 லட்சம் புள்ளிகள் கொண்டது. இதற்கு முந்தைய நெக்ஸ்-6 மாடலிலேயே அது 23.6 லட்சமாக இருந்தது என்பதை நினைத்தால், விலையைக் குறைக்கச் சோனி எங்கே கைவைத்தது என்பது விளங்கும். கேமரா சாயாமல் இருக்கிறதா என்று காட்டும், நெக்ஸ்-6இல் இருந்த மின்னணு மட்டக்கோடும் இதில் இல்லை. கடல் எடுப்பவர்களும் கட்டடம் எடுப்பவர்களும் திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து ஒப்பேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

குறைகளை அடுக்கும்போது ஒரு சின்ன மகிழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். மேலே எழும்பும் ஃபிளாஷ் ஒரு மெல்லிய கீல் கையில் நிற்கிறது. அதை ஆள்காட்டி விரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஷட்டரை அழுத்தினால், ஒளி நேராக முகத்தில் அறையாமல் கூரையில் பட்டுப் பரவி இறங்குகிறது. ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் வழிகாட்டு எண் வெறும் 6 என்பதால், கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓவையும் உயர்த்த வேண்டும். ஆனால் கிடைக்கும் முகத்தில் அந்தத் தட்டையான வெளிறல் இருக்காது.

இந்தக் கேமராவோடு வழக்கமாக வரும் 16-50 மி.மீ. பவர் ஜூம் லென்ஸ் (கிட் லென்ஸ்) சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்குவது வசதிதான். ஆனால் அகலமான காட்சி தரும் 16 மி.மீ. முனையில் மூலைகள் மங்கலாக இருக்கின்றன. கோடுகளின் வளைவை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. இந்தக் கேமராவின் உண்மையான திறன் தெரிய வேண்டுமானால், எஃப்/1.4 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது) சிக்மா 30 மி.மீ. போன்ற, ஜூம் இல்லாத ஒரு நிலைக்குவிய லென்ஸைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கிட் லென்ஸ் 50 மி.மீ. முனையில் தரும் எஃப்/5.6 உடன் ஒப்பிட்டால், இது 16 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. பாடியிலும் அந்த லென்ஸிலும் கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இல்லை என்பதால், ஷட்டர் வேகம் 1/60 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ. மட்டுமே இருப்பதால், பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களையும் அடாப்டர் வழியே பொருத்தலாம். அப்படிப் பொருத்தியதும் கேமரா படமெடுக்க மறுத்தால் பழுது என்று பதற வேண்டாம். லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயங்க அனுமதிக்கும் அமைப்பு மெனுவுக்குள் இருக்கிறது.

பேட்டரிதான் அன்றாடம் எரிச்சலூட்டும் அம்சம். என்பி-எஃப்டபிள்யூ50 என்ற சிறு பேட்டரி, திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 360 படங்களும், வியூஃபைண்டர் வழியே எடுத்தால் 310 படங்களும் தரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அது புதிய பேட்டரிக்கான கணக்கு என்பதை மறக்கக் கூடாது. வைஃபையை அணைக்க ஏர்பிளேன் மோடு போட்டுவிடுவது பலன் தருகிறது. பழைய கேமராவோடு வரும் பேட்டரி உப்பியிருந்தால் அதை உள்ளே திணிக்கவே கூடாது. மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால், முழுதாகவும் ஏற்றாமல் அடியோடும் தீர்க்காமல், பாதியளவு மின்னேற்றத்தில் கழற்றி, வெப்பம் இல்லாத இடத்தில் வைப்பது லித்தியம் பேட்டரிகளின் ஆயுளுக்கு நல்லது.

வாங்கும்முன் சோதிக்க வேண்டியவற்றில் லென்ஸுக்கும் சென்சாருக்கும்தான் முதலிடம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். தூசித் துகள்கள் சில இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூலைப்போல் கிளைத்துப் படர்ந்த வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம். சென்சாரைச் சோதிக்க எஃப்/16 வைத்து, மேகமற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, அவை போய்விடும். கூர்மையான கோடு தெரிந்தால் கீறலாக இருக்கலாம்; அது போகாது. கிட் லென்ஸைப் பலமுறை நீட்டியும் சுருக்கியும், கண்ணை அருகில் கொண்டுபோனால் வியூஃபைண்டர் தானாக விழிக்கிறதா என்றும், யூஎஸ்பி வழியே மின்னேற்றம் ஆகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் தனி சார்ஜர் தரப்படாத மாடல் இது என்பதால், அந்தத் துளை பழுதாகியிருந்தால் சார்ஜர் ஒன்றைத் தனியே வாங்க நேரும்.

இனிப் பராமரிப்பு. மிரர்லெஸ் கேமராவில் சென்சாரின் முன் ஒளியைத் திருப்பும் ஆடி இல்லை. ஏ6000ஐ அணைத்தாலும் ஷட்டர் திறந்தே இருப்பதால், லென்ஸைக் கழற்றிய கணத்திலேயே சென்சார் வெளிக்காற்றைப் பார்த்து நிற்கிறது. மாற்றும்போது கேமராவை அணைத்து, லென்ஸ் பொருத்தும் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடுத்த லென்ஸைத் தயாராக வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். தூசி விழுந்துவிட்டால் மெனுவில் உள்ள துப்புரவு முறையை இயக்கிச் சென்சாரை அதிரவிட்டு, பிறகு ரப்பர் புளோயரால் ஊதினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவோ திரவத்தையே பீய்ச்சக்கூடும். இரண்டையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஒட்டிய கறைக்கு மட்டும் ஏபிஎஸ்-சிக்கென விற்கும் 16 மி.மீ. துடைப்பானை, அதற்குரிய திரவத்தின் ஓரிரு துளிகளோடு, ஒரு திசையில் ஒருமுறை இழுத்துப் பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும்.

பூஞ்சையைத் தடுப்பது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதைப் பொறுத்தது. காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஒரு சிறிய ஈரப்பதமானி: இவ்வளவே போதும். 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருங்கள். அதற்கும் மிகக் கீழே வறட்டினால் ரப்பருக்கும் மசகுக்கும் கேடு. தோலுறையில் போட்டு அலமாரிக்குள் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு நாமே போடும் விருந்து, ஏனெனில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது, வெப்பம் சமமாகும்வரை பையை மூடியே வைத்திருந்தால் லென்ஸில் நீர் படியாது. இந்தப் பாடிக்கு மழை, மணல் எதற்கும் எதிரான காப்பு கிடையாது.

காணொளிதான் உங்கள் நாட்டம் என்றால் இது உங்களுக்கு ஆகாது; 1080பி வரைதான் பதிவாகும், மைக் செருகவும் துளை இல்லை. மற்றவர்கள் வாங்கியதும் வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் கண்வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது எளிதில் கழன்று தொலைந்துபோகும் பொருள். எஃப்டிஏ-ஈபி10 என்ற பெயரில் தனியே கிடைக்கிறது. கேமராவைக் கீழே வைக்கும்போது வியூஃபைண்டரின் கண்பகுதி நேரே வெயிலைப் பார்க்காதபடி வையுங்கள். அதிலுள்ள சிறு லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடக்கூடும்.