டிரைவ் எழுத்தை எடுக்கச் சொன்னால் டிரைவையே எடுத்துவிட்டார்கள், மூவாயிரமும் போச்சு

இன்னும் கை நடுங்குகிறது, தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து தருவதாகச் சொல்லும் ஆன்லைன் சேவை ஒன்றில் மூவாயிரம் கட்டி ஏமாந்திருக்கிறேன்.

விஷயம் சின்னது. புதிதாக எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டு விண்டோஸை அதற்கு மாற்றியாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருந்ததால் இ, எஃப், ஜி என்று வரிசையாக டிரைவ்கள் தெரிந்துகொண்டே இருந்தன. எஃப்பில் பழைய படங்கள் எல்லாம் இருந்தன. அவை அங்கேயே பத்திரமாக இருக்கட்டும், எழுத்து மட்டும் கண்ணில் படாமல் போனால் போதும். இவ்வளவுதான் கேட்டேன்.

சாட்டில் வந்தவர் அப்படி ஒரு பணிவு. பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட நிபுணர்’ என்று பச்சை டிக் வேறு. “ஃபைலுக்கு ஒன்றும் ஆகாதே?” என்று கேட்டேன். “நூறு சதவீதம் சேஃப் சார், தினமும் இதே வேலைதான் செய்கிறேன்” என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணத்தைக் கட்டி, ரிமோட்டில் உள்ளே விட்டேன். விண்டோஸில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தார். எஃப் மேல் ரைட் கிளிக் செய்தார். டேட்டா முழுக்க அழிந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. நான் படித்து முடிப்பதற்குள் ‘யெஸ்’ அழுத்திவிட்டார். நீலப் பட்டை கறுப்பாக மாறி, கீழே ‘அன்அலொகேட்டட்’ (எதற்கும் ஒதுக்காத வெற்றிடம்) என்று வந்து நின்றது. எழுத்தை எடுப்பதற்குப் பதில் டிரைவையே அழிக்கும் ‘டெலீட் வால்யூம்’ கொடுத்திருக்கிறார் அந்த நிபுணர்!

கேட்டால், “எழுத்து போகணும்னு சொன்னீங்க, போயிடுச்சே சார்” என்கிறார். அப்புறம் இணைப்பைத் துண்டித்துவிட்டார். புகார் கொடுத்தால் ‘கேட்ட வேலை முடிந்தது, டிக்கெட் மூடப்பட்டது’ என்று பதில். மறுபடி எழுதினால் டேட்டா ரெக்கவரி தனிச் சேவையாம், அதற்குத் தனியாக இன்னொரு மூவாயிரமாம்! அழித்ததற்கு மூவாயிரம், மீட்பதற்கு மூவாயிரம். நல்ல வியாபாரம்.

நீங்கள் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கிறது. வேண்டாத டிரைவ் மேல் ரைட் கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, அதில் ‘ரிமூவ்’. சில புரோகிராம்கள் சரியாக ஓடாமல் போகலாம் என்று மட்டும்தான் எச்சரிக்கும். அந்த டிரைவில் எந்தப் புரோகிராமும் இல்லையென்றால் ‘யெஸ்’ கொடுக்கலாம். ஃபைல் எதுவும் அழியாது, அதே இடத்தில் ‘ஆட்’ கொடுத்தால் எழுத்து திரும்ப வந்துவிடும். டேட்டா அழியும் என்று வந்தால் நீங்கள் நிற்கும் இடமே தப்பு, ‘நோ’ கொடுத்து வெளியே வாருங்கள்.

மெமரி கார்டு போடாத கார்டு ரீடரின் எழுத்துகள்தான் தொல்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் காலி டிரைவ்களை மறைக்கும் டிக் இருக்கிறது, அது போதும்.

என்னைப் போல ஏற்கெனவே அழிந்துவிட்டதா? அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் கேட்டால் கொடுக்காதீர்கள். டெஸ்ட்டிஸ்க் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது அழிந்துபோன டிரைவ் பகுதியைத் தேடும். எனக்கு இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன், ஸ்கேன் முடிந்த மாதிரி இருக்கிறது.