பிஎச்பியில் தமிழ்க் கோப்புப் பெயர்கள்: 5.6 முதல் இன்று வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் என் சொந்தக்காரர் ஒருவருக்கு பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் ஒரு படப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன், அதை இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படம் எடுக்கிற பையன் கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பான். "ஆச்சி சொல்ற பேரைத்தாண்ணே வைக்க முடியும்" என்பான். சரிதான்.

முதலில் இருந்தது பிஎச்பியின் 5.6 பதிப்பு, கடையின் விண்டோஸ் கணினியில். ஸ்கேன்டிர் என்ற பிஎச்பி கட்டளை கொண்டு கோப்புறையை வாசித்தால் 'மரவை' நாலு கேள்விக்குறியாக வரும், கணினிக்கு அது ம, ர, வ, ஐகாரக் கொம்பு என நாலு குறியீடு. நாலு குறியீடு உள்ள வேறு பெயரும் அதே நாலு கேள்விக்குறிதான், எது எதுவென்றே தெரியாது. அந்தப் பெயரைக் கொடுத்துத் திறக்கவும் முடியாது, ஏனென்றால் விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கே இடமில்லை. பிஎச்பியின் பழைய கோப்புக் கட்டளைகள் விண்டோஸின் ஆன்சி வழியாக, அதாவது ஒரு மொழிக்கு ஒரு சிறு எழுத்துப் பட்டியல் (குறிப்பக்கம்) வைக்கும் பழைய முறையில், போனதுதான் காரணம். ரஷ்யனுக்கும் கிரேக்கத்துக்கும் ஆன்சி குறிப்பக்கம் உண்டு, தமிழுக்குக் கிடையவே கிடையாது, அதனால் மொழி அமைப்பை மாற்றிப் பார்த்தாலும் பலனில்லை.

2016 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.1 இதைச் சரிசெய்தது. உள்ளே எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் வழிக்கு மாறிவிட்டார்கள், வெளியே அதை பைட்டாக எழுதும் யூடிஎப்-8 வடிவில் பெயர் கொடுத்தால் போதும், டீஃபால்ட் சார்செட் (பிஎச்பி தானாக எடுத்துக்கொள்ளும் எழுத்து வடிவம்) ஏற்கனவே அதுதான் என்பதால் என் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பதிப்பு மாற்றிப் பலன் கிடைத்தது என்றால் எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றும்.

ஆனால் 'கொட்டான்' மட்டும் தேடினால் கிடைக்காது, பட்டியலில் கண்ணெதிரே இருக்கும்! பழைய மேக் ஒன்றிலிருந்து வந்த படம் அது. அந்தக் கோப்பமைப்பு 'கொ'வின் துணையெழுத்தை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாக உடைத்து வைக்கும், நம் விசைப்பலகை ஒன்றாகவே தட்டும். பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு. இதற்கு பிஎச்பியைக் குறை சொல்ல முடியாது. இப்போது உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் பிஎச்பியின் நார்மலைசர் மூலம், உடைந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எப்சி வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கிறேன்.

பட்டியல் ஓடும் லினக்ஸ் சர்வரில் அப்போதைய பேஸ்நேம் (முழுப் பாதையிலிருந்து கோப்புப் பெயரை மட்டும் பிரிக்கும் கட்டளை), லோக்கேல் என்ற மொழி அமைப்பைக் கொடுக்காவிட்டால் பெயரின் முன்னால் உள்ள தமிழ் எழுத்துகளை விழுங்கிவிடும், அதைக் கொடுக்கும் செட்லோக்கேல் ஒரு வரியில் தீர்ந்தது. தீராதது நீளம்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3, ஆக 85 குறியீட்டோடு சரி, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ஆச்சியோ எந்த ஊர், எந்த வீடு, யார் கல்யாணத்துச் சீர் என்று முழுக்கதையும் பெயரில் வேண்டும் என்பார், விண்டோஸில் ஏறும் அது சர்வரில் ஏறாது. கதையை டேட்டாபேஸில் போட்டுவிட்டு, கோப்புக்குப் பொருளின் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் வைக்கிறோம்.